வின்ச் சொன்ன ‘இல்லை’

என் தங்கை புருஷன் ஆசஹேல் வின்ச்சை மக்களவையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது ஊர் இல்லை, நான். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது மென்று விழுங்கிச் சொல்வார்கள். அதற்கு நானே சொல்லிவிடுகிறேன். என் பெயர் லெமுவேல் காட்ஃப்ரி. கோல்ட்ப்ரூக் பாலத்துக்கு இந்தப் பக்கம் சைடர் என்னும் ஆப்பிள் மதுவும் சாப்பாடும் விற்கும் விடுதி என்னுடையது. அந்தப் பக்கம் ஆற்றுத் தண்ணீரில் ஓடும் மாவு ஆலை அவனுடையது. வெர்மான்ட் மலைகளில் குரல் பெரியவன் யார் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வின்ச் என்பார்கள். இருபது வருஷம் ஆலைச் சத்தத்துக்கு மேலே கத்தியே பேசிப் பழகியவன். காதோரம் ரகசியம் சொன்னாலும் பாலம் தாண்டிக் கேட்கும்.

எங்கள் பக்கத்தில் வாக்குக் கேட்டு வாசல் ஏறுகிறவனுக்கு ஒரு சீட்டும் விழாது. பதவி நம்மைத் தேடி வர வேண்டும், நாம் அதைத் தேடிப் போகக் கூடாது. பாதிரியார் முதல் பன்றி மேய்க்கிறவன் வரைக்கும் அதுதான் எண்ணம். ஆசஹேல் யாரையும் கேட்கவில்லை. அரைத்த கூலியாக மாவு எடுக்கும்போது மரக்காலைக் குவித்து எடுக்காமல் தலைதட்டி எடுப்பான். அந்த ஒரு குணத்துக்காகவே நான்கு பள்ளத்தாக்கு ஊர்க்காரர்களும் சேர்ந்து அவன் பெயரை எழுதிப் போட்டார்கள். எங்கள் ஊரில் மட்டும் ஐம்பத்தெட்டு சீட்டு. செய்தி சொல்ல நாங்கள் ஓடியபோது ஆலை ஓடிக்கொண்டிருந்தது. “என்ன?” என்று கத்தினான். மூன்று தடவை சொன்ன பிறகுதான் விளங்கியது. விளங்கியதும் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

அவன் வாஷிங்டனுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் என் விடுதியில் ஒரு காரியம் நடந்தது. பின்னால் வந்த வினைக்கெல்லாம் விதை அதுதான்.

ரூஃபஸ் ஸ்லேட்டன் என்று ஒரு கிழவர். பிரிட்டனை எதிர்த்த விடுதலைப் போரில் பென்னிங்டன் சண்டையில் முழங்காலில் குண்டு வாங்கியவர். கூரைக்கு மரச்சில்லு சீவிப் பிழைத்தார். கை நடுங்க ஆரம்பித்ததும் அதுவும் போயிற்று. பெண்டு பிள்ளை இல்லை. அவர் சண்டை போட்டார் என்பதற்கு ஊரே சாட்சி. ஆனால் காகிதச் சாட்சி கிடையாது. அவருடைய தளபதி செத்துப்போனார், தளபதியின் வீடு எரிந்துபோனது, பெயர்ப்பட்டியலும் அதோடு சாம்பல்.

கதியற்றவர்களை நாங்கள் மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் ஏலம் விடுவோம். ஒருத்தருக்கு ஒரு வருஷம் சோறு போட யார் குறைந்த தொகை கேட்கிறாரோ அவரிடம் ஊர்ச் செலவில் ஒப்படைப்போம். குறைந்த தொகை கேட்கிறவன் எந்த லட்சணத்தில் சோறு போடுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கை தூக்குவோம். ரூஃபஸுக்கு அந்த ஏலம் என்றால் குலை நடுக்கம். குண்டுக்குக்கூட அவர் அப்படிப் பயந்திருக்க மாட்டார்.

அன்றைக்கு ஆசஹேல் அத்தனை பேருக்கும் முன்னால் அவர் கையைப் பிடித்தான்.

“ஐயா, உங்கள ஏலத்துல நிக்க விடமாட்டேன். உங்க பேரு படைவீரர் ஓய்வூதியப் பட்டியல்ல ஏறும். இது என் வாக்கு.”

அந்த வாக்கை நம்பி இரண்டு மார்ச் கூட்டங்களில் ரூஃபஸ் பெயரை ஏலத்தில் எடுக்காமல் தள்ளிவைத்தோம். இரண்டு தடவையும் ஆசஹேல் கொடுத்த ஓய்வூதிய மனு திரும்பி வந்தது. காகிதம் இல்லை, காகிதம் இல்லை, அதே பாட்டு.

இதற்கிடையே ஆசஹேல் அங்கே கேலிப்பொருளாகிவிட்ட கதையும் ஊருக்கு வந்து சேர்ந்தது. சபை கூடுவது புதுக்கட்டடம். தலைக்கு மேல் பெரிய விதானம். சாதாரணக் குரலே அங்கே எதிரொலிக்குமாம். இவன் தன் ஆலைக்குரலில் “தலைவர் அவர்களே” என்று ஆரம்பித்திருக்கிறான். அது மூன்று தடவை திரும்பி வந்திருக்கிறது. தெற்குக் கரோலினாவிலிருந்து வந்த பருத்த உறுப்பினர் ஒருவர், பெயர் டெலஃபீல்டாம், மெதுவாக எழுந்து, மூன்று வின்ச்சுகள் பேசுகிறார்கள், எந்த வின்ச்சுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தலைவரிடம் கேட்டாராம். சபை சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்றாம். அதற்குப் பிறகு ஆசஹேல் வாய் திறக்கவில்லை. தங்கும் வீட்டில் மற்றவர்கள் சீட்டாட, இவன் சபையின் விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று கேள்விப்பட்டோம். பேசத் தெரியாதவன் படித்தென்ன, படுத்தென்ன என்று விடுதியில் முதலில் சொன்னதும் நான்தான்.

இருந்தும் இரண்டாம் தடவையும் அவனையே தேர்ந்தெடுத்தோம். அந்த மூன்றாம் குளிர்காலத்தில் ரூஃபஸ் பெயரில் தனிச் சட்டமுன்வடிவே வாக்கெடுப்புக்கு வந்தது. பிப்ரவரியில், முழங்கால் அளவு பனியில், எங்களுக்கு வரும் ஒரே வாரப் பத்திரிகை வந்து சேர்ந்தது. கணப்பருகே நின்று நான் உரக்கப் படித்தேன். முன்வடிவு தோற்றுவிட்டது. ஆதரித்தவர் பெயர்கள், எதிர்த்தவர் பெயர்கள் எல்லாம் அச்சாகியிருந்தன. எதிர்த்தவர் வரிசையில் கடைசிப் பெயர் வின்ச்.

நான் இரண்டாம் முறை படித்தேன். மூலையில் ரூஃபஸ் இருந்தார். கையிலிருந்த சோளரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார். 

என் தங்கை ஜெரூஷாவிடம் போய்க் கத்தினேன். அவள் மாவு சலிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

“அவரு எழுதியிருக்காரு அண்ணே. காரியம் இன்னும் முடியல, முடியாம வாயத் தொறக்காதேன்னு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“முடிச்சுட்டானே, இன்னும் என்ன முடிக்கணும்?” என்றேன்.

“காரணமில்லாம அவரு ‘இல்லை’ன்னு சொல்லமாட்டாரு.”

புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன்.

மார்ச் கூட்டத்தில் ரூஃபஸை நிறுத்தினார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கெட்ட காலைச் சற்றே மடக்கி நின்றார். ஹைரம் பட்ரிக் முதலில் ஏலம் கேட்டான். அவனிடம் போன வருஷம் ஒப்படைத்த கிழவி இலையுதிர்காலத்தைத் தாண்டவில்லை. அவன் கேட்ட தொகையைவிடக் குறைத்துக் கேட்க ஆளில்லை. நான் எழுந்து, ஒன்றும் வேண்டாம், சும்மா வைத்துக்கொள்கிறேன் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். தங்கமான மனசு லெமுவேலுக்கு என்றார்கள். தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. கிழவரை என் விடுதியின் கணப்பருகே உட்காரவைத்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் “நம்ம உறுப்பினர் கைகழுவின ஆள் இவர்தான்” என்று காட்ட வேண்டும். எனக்கு இருந்த ஆசை அதுதான்.

மே மாதம் ஆசஹேல் திரும்பினான். இளைத்திருந்தான். வண்டியிலிருந்து இறங்கி நேரே விடுதிக்கு வந்து, ரூஃபஸ் முன்னால் தொப்பியைக் கழற்றினான்.

“ஐயா, ஆலைக்கு வந்துருங்க. மேல் அறை சும்மாதான் இருக்கு.”

ரூஃபஸ் நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இல்லைன்னு சொன்னவன் வீட்ல எனக்கு எதுக்கு எடம்?”

ஆசஹேல் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான்.  தொப்பியை மாட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்து போனான். நான் சிரித்தேன்.

ஜூலையில் மறுபடி வந்தான். கையில் தடித்த புத்தகம். சபையின் அவைக்குறிப்பு, உறுப்பினர்களுக்கு அச்சடித்துத் தருவது.

“மச்சான், இந்தக் கூட்டத்தொடர்ல நடந்தது பூரா இதுல இருக்கு. விடுதியில வச்சிருங்க. படிக்கிறவங்க படிக்கட்டும்.”

“உன் வீரப்பிரதாபம் எந்தப் பக்கத்துல இருக்கு, மாப்பிள்ளே?” என்று கேட்டேன். சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் பக்க எண் சொல்லவில்லை. வைத்துவிட்டுப் போனான். என் சைடர் பீப்பாய் ஒன்று வெகுநாளாக ஒருபக்கம் சாய்ந்து நின்றது. புத்தகத்தின் கனம் அதற்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

செப்டம்பரில் தேர்தல் கூட்டம். எதிர்த்துப் பேச வேண்டிய அவசியமே இல்லை, ஊர் ஏற்கனவே முடிவு செய்திருந்தது. ஆனாலும் பேசினேன். கூடவே ஒரு தீர்மானமும் கொண்டுவந்தேன். முதிய படைவீரரை நம் உறுப்பினர் கைவிட்டார் என்று ஊர்ப்பதிவேட்டில் எழுத வேண்டும் என்றேன். நிறைவேறியது. ஆசஹேல் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். தன் சீட்டைப் போட்டான். எழுந்து போனான். எண்ணியபோது எங்கள் ஊரில் அவனுக்கு ஒன்பது சீட்டு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்த வாயைத் திறந்துவிட்டதே நான்தான்.

அக்டோபரில், மரங்களெல்லாம் சிவந்து கொட்டும்போது, ரூஃபஸ் பெயருக்கு ஓர் உறை வந்தது. போர்த்துறை முத்திரை. அவருக்குக் கண் சரியில்லை, நான் பிரித்துப் படித்தேன். ஏப்ரல் இருபத்தேழாம் தேதி நிறைவேறிய சட்டத்தின்படி ரூஃபஸ் ஸ்லேட்டன் பெயர் ஓய்வூதியப் பட்டியலில் சேர்க்கப்படுகிறது, உயிரோடிருக்கும் காலம் முழுவதும்.

ரூஃபஸ் என்னைப் பார்த்தார். “தோத்துப்போச்சுன்னு நீதானே படிச்சே?”

“ஆமா.”

“அப்ப இது யாரு பண்ணினது?”

 என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே, பீப்பாய்க்கு அடியில் கேட்டால் தெரியும் என்றாள். பீப்பாயைச் சாய்த்தேன். பாதி சைடர் தரையில் ஓடியது. ஓடட்டும் என்று புத்தகத்தை உருவினேன். அட்டை ஊறி உப்பியிருந்தது. ஜனவரிப் பக்கங்களைத் தேடினேன்.

வாக்கெடுப்பு அன்று பெயர் வரிசைப்படி கூப்பிட்டிருக்கிறார்கள். வரிசையில் கடைசி வின்ச். அவன் முறை வருவதற்குள் ஆதரவு முப்பத்தொன்பது, எதிர்ப்பு நாற்பத்தொன்று. அவன் ‘ஆமாம்’ சொன்னாலும் தோல்விதான். அவன் ‘இல்லை’ என்றிருக்கிறான். பக்கத்தைத் திருப்பினேன். மறுநாள் குறிப்பு. நேற்று வென்ற பக்கம் வாக்களித்த திரு. வின்ச், அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று முன்மொழிந்தார். வென்ற பக்கத்தில் வாக்களித்தவருக்கு மட்டுமே அந்த உரிமை உண்டு என்பது சபையின் விதி. மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு நாற்பத்தாறு, எதிர்ப்பு நாற்பத்தொன்று. நிறைவேறியது. ஆதரித்தவர் வரிசையில் கடைசிப் பெயர் வின்ச். மேலவையைத் தாண்டி அது சட்டமாக ஏப்ரல் ஆகியிருக்கிறது. எங்கள் பத்திரிகை அச்சடிக்கிறவர் எதிர்க்கட்சிக்காரர். அவருக்கு மறுநாள் செய்திக்கு இடமில்லாமல் போயிருக்கிறது.

ரூஃபஸுக்கு அந்த இரண்டு பக்கத்தையும் படித்துக் காட்டினேன்.  அவர் ஊன்றுகோலைத் தேடினார். ஏழெட்டு மாதமாக நான் காட்சிக்கு வைத்திருந்த மனிதர் என் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். நான் பின்னால் போனேன்.

ஆலையில் ஆசஹேல் அரைகல்லைக் கொத்திக்கொண்டிருந்தான். ரூஃபஸ் காகிதத்தை நீட்டினார். அவன் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தான். பிறகு மாவு படிந்த முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கித்தான் கேட்டோம். அன்றைக்கு ஆதரவாளர்களில் ஆறு பேர் காய்ச்சலும் மூட்டுவலியுமாகத் தங்கும் வீடுகளில் படுத்திருந்தார்களாம். மறுநாள் காலையில் பனிச்சேற்றில் இவன் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறான். ஐந்து பேர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஆறாவது ஆள் கால் வீங்கி நடக்க முடியாதவர். அவரை இவன் முதுகில் சுமந்துகொண்டு சபைப் படியேறியிருக்கிறான். அது யார் தெரியுமா? மூன்று வின்ச் என்று கேலி செய்த அதே டெலஃபீல்ட்.

“மூட்டை தூக்கிப் பழக்கம்தானே, மச்சான்” என்றான். “பாதிப் படியில கேட்டாரு, மூணு வின்ச்சும் சேர்ந்தா தூக்குறீங்கன்னு. சிரிச்சுட்டேன். கீழ போட்டிருப்பேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “இத வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பதவியே போச்சே.”

“பதவிக்காக நானே என்னப் பத்திப் பேசணுமா?” என்றான். பிறகு ரூஃபஸைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான், அதாவது மற்றவர்கள் பேசும் அளவுக்கு. “ஒரு தடவை வாயத் தொறந்து வாக்குக் குடுத்தேன். ரெண்டு வருஷம் அத நம்பி இவரு காத்திருந்தாரு. சட்டம் ஆனாலும் போர்த்துறையில தட்டிக் கழிச்ச கேஸ் நெறைய பாத்துட்டேன். மறுபடியும் ஆகும்னு சொல்லி, ஆகாமப் போனா? காகிதம் கையில வர்ற வரைக்கும் பேசக்கூடாதுன்னு இருந்தேன்.”

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, அது நாங்கள்தான். நாலு வாரம் பொறுத்திருந்தால் தேர்தலுக்கு முன்னும் பின்னும் ஆசஹேல் வின்ச்தான் எங்கள் உறுப்பினர். அவன் ஆறியிருந்தான். பொங்கி வழிந்தது நான்.

தேர்தலை மறுபடி நடத்த வழியில்லை. ஆனால் ஊர்ப்பதிவேட்டில் என் தீர்மானம் மையால் எழுதிக் கிடந்தது. அதை அழிக்கச் சொல்லி நீயே கேள் என்று ஆசஹேலிடம் சொன்னேன்.

“நான் தோத்தவன், மச்சான்” என்றான் அவன். “ஜெயிச்சவன்தான் எந்திரிக்கணும். நம்ம ஊர்லயும் அதே விதிதான்.”

அடுத்த மார்ச் கூட்டத்தில் எழுந்தேன்.  சைடர் நாற்றம் அடிக்கும் புத்தகத்திலிருந்து இரண்டு பக்கங்களையும் படித்தேன். செப்டம்பரில் வென்ற பக்கம் நின்றவன் என்ற முறையில் அந்தத் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்கிறேன் என்றேன். நான் சொன்னது பொய், படிக்காமல் சொன்ன பொய் என்றும் சொன்னேன். யாரும் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகப் பெயர் கூப்பிட்டே வாக்கெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

எழுத்தர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருத்தராக எழுந்து ‘ஆமாம்’ என்றார்கள். சிலர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். ஹைரம் பட்ரிக்கூடச் சொன்னான். என் முறையில் நானும் எழுந்து சொன்னேன். ரூஃபஸ் தன் முறையில் எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இப்படியே கடைசிப் பெயருக்கு வந்தோம்.

“வின்ச்” என்றார் எழுத்தர்.

பதில் இல்லை. பனி உருகி ஆற்றில் வெள்ளம் வந்த நாள் அது. தன்னைப் பற்றிய பேச்சுக்குத் தான் போய் உட்காரக் கூடாது என்று ஆலையிலேயே இருந்துவிட்டான். கல் சுற்றும் சத்தம் கூட்டம் நடந்த இடம்வரை கேட்டது. எழுத்தர் மறுபடியும் கூப்பிட்டார்.

ரூஃபஸ் ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கெட்ட காலில் எழுந்து நின்றார்.

“அவருக்குப் பதிலா நான் சொல்றேன்” என்றார். “ஆமாம்.”

ஒருத்தர் வாக்கை இன்னொருத்தர் போட எங்கள் விதியில் இடமில்லை. கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். எழுத்தர் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுத்தர் பேனாவைத் தொட்டுக் கடைசி வரியில் எழுதினார், வின்ச், ஆமாம்.